மதகைத் திறக்கிறவன் யார்?



இந்த மாதம் வாலிபப் பிள்ளைகளுக்காக எழுதும்படி கேட்டுக்கொண்டார்கள். போன், முகநூல், இன்ஸ்டாகிராம் இவைகளைப் பற்றி எழுது, பிள்ளைகள் எல்லாவற்றையும் அதிலே கொட்டுகிறார்கள், புத்தி சொல்லு என்றார்கள். எழுத ஆரம்பித்தேன். பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைவிட எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் அதிகம் என்று ஆவியானவர் உணர்த்தினார். ஆகையால் பிரியமானவர்களே, இதைப் பிரசங்கமாக வாசிக்காதிருங்கள். தப்புச் செய்த ஒருவனுடைய அறிக்கையாக வாசியுங்கள்.

நம்முடைய சனிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்குக் கல்லூரியில் படிக்கிற ஒரு மகள் தன் சிநேகிதியோடு வர ஆரம்பித்தாள். இரட்சிக்கப்படாத குடும்பம். மூன்று மாதம் கடைசிப் பாயில் உட்கார்ந்து பாட்டு மட்டும் பாடிவிட்டுப் போவாள். ஒருநாள் சாட்சி நேரத்தில், யாரும் கூப்பிடாமல், தானாகவே எழுந்து நின்றாள். வீட்டில் பல வருஷமாகச் சுமந்த ஒரு பாரத்தைச் சொன்னாள். கர்த்தர் அவளை எப்படித் தாங்கினார் என்று சொன்னாள். அன்றைக்கு அங்கே இருந்தது 26 பேர். அழாதவர்கள் இல்லை. என்ன சொன்னாள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு தம்பி அதைப் போனில் வீடியோ எடுத்திருந்தான். “பாஸ்டர், செம சாட்சி பாஸ்டர். நம்ம பேஜ்ல போட்டுடலாமா?” என்றான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “போடுப்பா, நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்” என்றேன். அன்று ராத்திரியே முகநூலில் ஏறிவிட்டது. நானும் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அவள் பேரையும் போட்டு, தேவனுக்கே மகிமை என்று கீழே எழுதினேன்.

மூன்றாம் நாள் காலையில் அந்த மகளுடைய தாயார் நம் ஜெபவீட்டு வாசலில் வந்து நின்றார்கள். “உள்ளே வாங்கம்மா” என்றேன். வரவில்லை. ஆவடியில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். அவர் இன்னொருவருக்கு அனுப்ப, அது சுற்றிச்சுற்றி அவளுடைய தகப்பனார் வேலை செய்கிற இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவர்கள் அவர் முன்னாலேயே அதைப் போட்டுப் பார்த்தார்களாம். மகள் கல்லூரிக்குப் போகவில்லை. அந்தத் தாய் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்:

“ஐயா, எம்பொண்ணு உங்ககிட்டதானே சொன்னா? ஊருக்கா சொன்னா?”

நான் தலை குனிந்து நின்றேன். வீடியோவை அழித்தோம். ஆனால் அதற்குள் யார் யார் அதை இறக்கி வைத்துக்கொண்டார்கள், யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த நாள் சாயங்காலம் தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “ஏன் சார், உங்க சாமிகிட்ட தனியா சொல்றதையெல்லாம் அவரும் இப்படித்தான் ஊருக்குப் போட்டுடுவாரா?”

வேதாகமக் கல்லூரியில் நான் டிப்ளமோ படித்தபோது பரீட்சையில் எத்தனையோ கேள்வி வந்தது. இப்படி ஒரு கேள்வி வரவில்லை. இதற்குப் பதில் தேடித்தான் இத்தனை மாதமும் ஜெபித்தேன், வாசித்தேன், பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேசினேன்.

நம் ஊர் ஏரி சொல்லுகிற பாடம்

நம் ஊருக்கு வெளியே ஒரு பேர் இருக்கிறது என்றால் அது ஏரியால்தான். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. சென்னைப் பட்டணத்தார் குடிக்கிற தண்ணீரில் நம் ஏரித் தண்ணீரும் இருக்கிறது. அதே ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். மழையும் மற்ற ஓடைகளும் சேர்ந்துதான் அந்த வெள்ளம் வந்தது என்றாலும், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை என்று அடையாற்றங்கரை ஜனங்கள் பட்ட பாட்டை நாம் மறக்க முடியுமா?

கவனியுங்கள். தண்ணீர் ஒன்றுதான். அளவோடு போனால் தாகம் தீர்க்கிறது. அடைத்துத் திறந்தால் வீட்டை இடிக்கிறது. திறக்கவே மாட்டேன் என்று மூடி வைத்தாலோ, ஒருநாள் கரை உடையும்! ஆகவே மதகே வேண்டாம் என்று எவனும் சொல்லுவதில்லை. எப்போது, எவ்வளவு, யார் திறக்கிறது என்பதுதான் கேள்வி.

மனுஷனுடைய உள்ளமும் அப்படித்தான். ஒன்றையுமே வெளியே சொல்லாத வாலிபன் உள்ளுக்குள்ளேயே உடைந்துபோகிறான். எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்லுகிறவனோ கடைசியில் தனக்கென்று ஒரு சொட்டும் இல்லாமல் வறண்டுபோகிறான். இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் நான் செய்த தப்பு. அந்த மகள் 26 பேருக்கு முன்னால் தன் மதகைக் கொஞ்சம் திறந்தாள். நான் ஓடிப்போய் அதை முழுவதும் திறந்துவிட்டேன். அது என் ஏரி அல்லவே!

எல்லாம் தேவனுக்குத் தெரியுமே, பிறகென்ன ரகசியம்?

இந்த விஷயத்தை நான் பேசினபோது நம் மூப்பர் ஒருவர், நல்ல ஜெபவீரர், என்னை மடக்கினார். “பாஸ்டர், பாவம் செய்யாதவனுக்கு ஒளிக்க என்ன இருக்கு? தேவனுக்கு முன்னால எல்லாமே வெட்டவெளிச்சம். அப்புறம் மனுஷனுக்கு முன்னால என்ன மறைவு வேண்டிக் கிடக்கு?”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேதத்தைத் திறந்து பாருங்கள். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் மரங்களுக்குள்ளே ஒளிந்தார்கள். தேவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்த தேவன் என்ன செய்தார்? அவர்களைத் தோட்டத்தின் நடுவே நிறுத்தி வேடிக்கை காட்டினாரா? தோலினால் உடை செய்து உடுத்தினார்! எல்லாவற்றையும் பார்க்கிறவர்தான் மூடுகிறவரும்.

நோவா திராட்சரசம் குடித்துத் தன் கூடாரத்தில் விலகிக் கிடந்தான். ஒரு மகன் பார்த்தான். பார்த்தவன் வெளியே போய்ச் சொன்னான். இன்றைய பாஷையில் சொன்னால், ‘பார்வேர்ட்’ பண்ணினான். மற்ற இரண்டு மகன்களும் துணியை எடுத்துக்கொண்டு பின்னிட்டு நடந்து தகப்பனை மூடினார்கள். அந்த மகன் பொய் எதுவும் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான். ஆனாலும் சாபம் அந்தப் பக்கம்தான் போயிற்று. உண்மையாய் இருந்துவிட்டால் மட்டும் ஒரு செய்தியைப் பரப்ப எனக்கு உரிமை வந்துவிடாது என்று இதிலே கற்றுக்கொண்டேன்.

நம்முடைய ஆண்டவர்கூட ஜெபிக்கிறவனைக் கதவைப் பூட்டிக்கொண்டு அறைவீட்டுக்குள் போகச் சொன்னார். ஜெபம் பாவமா? இல்லையே. பாவமில்லாத, பரிசுத்தமான காரியத்துக்கும் ஒரு கதவு வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். மரியாள் தேவதூதனுடைய செய்தியைப் பெற்றவள். அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. பெரும்பாலானதை இருதயத்திலேயே வைத்துக்கொண்டாள். ஆகவே மறைவு என்றாலே பாவம் என்று வாலிபர்களைப் பயமுறுத்தாதிருப்போமாக.

அந்தத் தகப்பனாருக்கு என் பதிலும் இதுதான்: இல்லை ஐயா, எங்கள் தேவன் அப்படிப் போடுகிறவர் அல்ல. நான்தான் அவரைப்போல நடக்கவில்லை.

விடுதிச் சுவர் விழுந்த கதை

இந்த முகநூல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியில் மார்க் ஜூக்கர்பெர்க் என்கிற மாணவர் ஆரம்பித்தது. முதலில் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும். பிறகு மற்ற கல்லூரிகளுக்கு. 2006 செப்டம்பரில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதே மாதம் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரைக்கும் ஒருவனைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவனுடைய பக்கத்துக்குத் தேடிப் போக வேண்டும். இப்போது அவன் என்ன செய்தாலும் அது தானாகவே எல்லா நண்பர்களின் கண்ணுக்கு முன்னாலும் வந்து நின்றது. லட்சக்கணக்கான மாணவர்கள் எதிர்த்தார்கள். புதிதாக ஒரு ரகசியமும் வெளியாகவில்லை. ஏற்கெனவே போட்டதுதான். ஆனாலும் ஏன் துடித்தார்கள்? விடுதி அறையில் பேசினதை ஒலிபெருக்கி வைத்துச் சொன்னால், வார்த்தை அதுவேதான் என்றாலும் அது வேறு காரியம் அல்லவா? சொன்ன இடம் ஒன்று. போய்ச் சேர்ந்த இடம் வேறு. நம் சபையில் நடந்ததும் அதுவே.

இன்னொன்றையும் கேளுங்கள். 2018இல் கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற கம்பெனியின் விவகாரம் வெளிவந்தது. முகநூலில் ஒரு சின்னக் கேள்வி-பதில் செயலி மூலமாக ஜனங்களுடைய விவரங்கள் எடுக்கப்பட்டு அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தது. உலகமெங்கும் 8.7 கோடிப் பேருடைய விவரங்கள் போயிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. நம் இந்தியாவில் அந்தச் செயலியை ஏற்றினவர்கள் எத்தனை பேர்? வெறும் 335 பேர்! ஆனால் விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,000 பேருக்கு மேல். மற்றவர்கள் செய்த தப்பு என்ன? அந்த 335 பேருக்கு நண்பர்களாக இருந்தார்கள். அவ்வளவுதான்.

தம்பி, தங்கச்சி, “என் போன், என் இஷ்டம்” என்று சொல்லுகிறாயே, உன் மதகுக்குப் பின்னால் இருப்பது உன் தண்ணீர் மட்டும் அல்ல. உன் அம்மாவுடைய தண்ணீர், உன் சிநேகிதியுடைய தண்ணீர், உன் வீட்டுத் தண்ணீர் எல்லாம் அதிலே கலந்திருக்கிறது.

எசேக்கியாவின் பொக்கிஷசாலை

எசேக்கியா ராஜா நல்லவன். வியாதியிலிருந்து கர்த்தர் அவனைச் சுகமாக்கினார். நலம் விசாரிக்கப் பாபிலோனிலிருந்து ஸ்தானாபதிகள் வெகுமானங்களோடு வந்தார்கள். ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளி, பொன், கந்தவர்க்கம், ஆயுதசாலை என்று ஒன்றுவிடாமல் திறந்து காட்டினான். அவர்கள் திருட வரவில்லை. பாராட்டத்தான் வந்தார்கள். இன்றைக்கு ‘லைக்’ போடுகிறவர்களைப் போல! ஏசாயா தீர்க்கதரிசி வந்து அவனிடம் விசாரித்தார்: அந்த மனுஷர் என்ன சொன்னார்கள், எங்கிருந்து வந்தார்கள், என்னத்தைப் பார்த்தார்கள் என்று. ராஜா பெருமையாகவே பதில் சொன்னான். ஆனால் அதன் பலனை அனுபவித்தது அவன் அல்ல, அவனுக்குப் பின்வந்த பிள்ளைகள்.

இதேபோல மூன்று கேள்வியை உன் போனிடம் கேட்டுப் பார். யார் பார்க்கிறார்கள்? எங்கிருந்து பார்க்கிறார்கள்? என்னத்தைப் பார்த்துவிட்டார்கள்? பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கல்லூரிப் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் செல்பி எடுத்துப் போடுகிறார்கள். சிரித்த முகம்தான், தப்பே இல்லை. ஆனால் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையில் பேர், டிபார்ட்மெண்ட், கல்லூரி எல்லாம் இருக்கிறது. பின்னால் பஸ் நம்பர் தெரிகிறது. தினமும் எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறாள் என்று முன்பின் தெரியாத ஒருவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துபோகிறது.

பெற்றோரே, நீங்கள் சிரிக்காதிருங்கள்! நான் வாலிபர்களோடு பேசினபோது ஒரு தம்பி சொன்னான்: “பாஸ்டர், நாங்க உஷார்தான். நெருங்கின பசங்களுக்குத் தனி லிஸ்ட் வச்சிருக்கோம். சில பேர் தனி அக்கவுண்டே வச்சிருக்காங்க. எங்க அம்மாதான் என் ஹால் டிக்கெட்டை அப்படியே படம் எடுத்து ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’னு குரூப்ல போட்டாங்க. என் ரெஜிஸ்டர் நம்பர், பிறந்த தேதி எல்லாம் அதுல இருந்துச்சு. ரிசல்ட்டை எனக்கு முன்னாடி எங்க மாமா பார்த்துட்டாரு!” எல்லாரும் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். மதகு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. திறந்துவிடுகிறவர்கள் பல நேரம் பெரியவர்களாகிய நாம்தான்.

பழி யார் மேல்?

இங்கே ஒரு எச்சரிப்பு. “ஏன் போட்டோ போட்டாள்? அதான் இப்படி ஆச்சு” என்று பேசுகிற ஒரு பழக்கம் நம் நடுவில் இருக்கிறது. நானும் பிரசங்கபீடத்தில் பேசியிருக்கிறேன். மனம் வருந்துகிறேன்.

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி மாணவி கொடுத்த புகாரால் ஒரு கூட்டத்தாரின் கொடுமை வெளிச்சத்துக்கு வந்தது. முகநூல் முதலானவைகளில் பெண்பிள்ளைகளோடு சிநேகம் பிடித்து, நம்பவைத்து வரவழைத்து, கெடுத்து, அதை வீடியோ எடுத்து மிரட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் செய்தது நம்பினது. நம்பிக்கைத் துரோகம் செய்தது அவர்கள் அல்ல. பூட்டாத வீட்டில் திருடினாலும் திருடன் திருடன்தான். பூட்டு நல்லதுதான். ஆனால் பூட்டு இல்லாததைச் சொல்லித் திருடனை விடுவிக்கிறவன் நீதிமான் அல்ல.

அதற்குப் பின் நடந்ததையும் கவனியுங்கள். புகார் கொடுத்த அந்த மாணவியின் பேர் அதிகாரிகளின் வாயிலாகவே வெளியே வந்துவிட்டது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி ஐகோர்ட்டின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. பிறகு வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. விசாரணை மூடின கதவுக்குள்ளே நடந்தது. பாதிக்கப்பட்டவர்களுடைய அடையாளம் காக்கப்பட்டது. அவர்கள் தைரியமாக வந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13ஆம் தேதி கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரைக்கும் ஆயுள் தண்டனை விதித்தது.

நாம் எத்தனை தரம் ‘சாட்சி, சாட்சி’ என்று சொல்லுகிறோம்! பிரியமானவர்களே, அந்த மூடின அறையில் சொன்னதும் சாட்சிதான். ஊரே பார்க்கும்படி சொன்னால்தான் சாட்சி என்று இல்லை. கதவு மூடியிருந்தபடியால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்ல வாய் திறந்தது.

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் நடந்ததையும் கனத்த இருதயத்தோடு சொல்லுகிறேன். பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண்ணின் முகத்தை வேறொரு படத்தோடு ஒட்டி முகநூலில் போட்டுவிட்டான் ஒருவன். அவள் ஒன்றையும் திறக்கவில்லை. மதகு இருந்த இடமே வேறு. போலீசுக்குப் போனார்கள், தாமதம் ஆயிற்று. தன்னை நம்பவில்லையே என்ற வேதனையோடு அந்தப் பிள்ளை தன் ஜீவனை முடித்துக்கொண்டது. படம் போட்டவனைப் பின்னால் பிடித்தார்கள். போன ஜீவன் திரும்பவில்லை.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து “அம்மா, இப்படி ஒரு படம் வந்திருக்கு” என்று சொன்னால், முதல் வார்த்தை “நீ என்ன பண்ணே?” என்று இருக்கக் கூடாது. “நான் உன்னை நம்புறேன், நான் இருக்கேன்” என்பதே முதல் வார்த்தையாய் இருக்கட்டும். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது: பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாமல், படத்தையும் அது வந்த முகவரியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதிருங்கள். 1930 என்ற எண் சைபர் குற்றத்துக்கு. 181 என்ற எண் பெண்களுக்கு உதவி. அனுமதியில்லாமல் ஒருவருடைய அந்தரங்கப் படத்தை எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் அப்படிப்பட்ட படத்தை 24 மணி நேரத்துக்குள் எடுத்துப்போட வேண்டும் என்று 2021இல் வந்த விதிகளிலேயே இந்த நிறுவனங்களுக்குக் கெடு வைத்தார்கள். ஆகவே வழி இல்லாமல் இல்லை. ஜெபமும் பண்ணுங்கள், போனும் பண்ணுங்கள்.

பதினெட்டு வயதின் வாசல்

2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி நம் சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாய் ஒரு தீர்ப்புக் கொடுத்தார்கள். அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் கொடுக்கிற அடிப்படை உரிமை என்றார்கள். ஒருவன் பொது இடத்தில் நிற்கிறான் என்பதற்காக அந்த உரிமை அவனை விட்டுப் போய்விடாது, அது மனுஷனுடைய மாண்போடு ஒட்டியது என்பதும் அதிலே இருக்கிறது. இதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ‘அவளே எல்லார் முன்னாலயும்தானே சொன்னா’ என்று நான் எனக்குச் சொல்லிவைத்திருந்த சாக்குப்போக்கு அதோடு விழுந்தது.

2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருக்கிறவர்களைப் பிள்ளைகள் என்கிறது. அவர்களுடைய விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. கல்லூரிப் பிள்ளையோ அந்த வாசலைத் தாண்டினவுடனே, இனி உன் சம்மதமே போதும் என்று உலகம் சொல்லிவிடுகிறது. நேற்றுவரைக்கும் தகப்பன் கையில் இருந்த மதகு ஒரே நாளில் பிள்ளையின் கையில். ஆனால் அதை எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்று யார் சொல்லிக்கொடுத்தது? நாமோ மிரட்டினோம், அல்லது போனைப் பிடுங்கினோம். கற்றுக்கொடுக்கவில்லை.

வாலிபப் பிள்ளைகளே, ஒரு காரியத்தை வெளியே போடுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். இது என்னுடையதா, இன்னொருவருடையதுமா? யாருக்காகச் சொல்லுகிறேன்? கேட்கிறவர்கள் என் பாரத்தைத் தாங்குவார்களா, வேடிக்கை பார்ப்பார்களா? ஐந்து வருஷம் கழித்து, வேலைக்கு நேர்காணல் செய்கிறவர் இதைக் காட்டினால் நான் நிமிர்ந்து பதில் சொல்லுவேனா? அதற்காகப் பாரத்தை உள்ளேயே வைத்து அழுகிப்போக விடாதீர்கள். தாங்கக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த ஒருவர் உங்கள் தாயாக இருக்கலாம், ஒரு நல்ல டீச்சராக இருக்கலாம், சபையில் ஒரு அக்காவாக இருக்கலாம்.

சாட்சிக்கும் ஸ்டேட்டஸுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பிள்ளை என்னைக் கேட்டது. வெகுநேரம் யோசித்துத்தான் சொன்னேன். சாட்சி சொல்லுகிறவன் கேட்கிறவர்களுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுகிறான். கேட்டவர்களுக்கு ஒரு கடமை வருகிறது. சொன்னவனைக் காக்க வேண்டிய கடமை. முகம் தெரியாத ஆயிரம் பேருக்குப் போகும்போது அந்தக் கடமை ஒருவருக்கும் இல்லாமல் போகிறது.

நம் சபையில் இனிமேல்

மூப்பர்களோடு உட்கார்ந்து சில தீர்மானம் எடுத்திருக்கிறோம். சாட்சி நேரத்தில் ஒருவரும் போனில் படம் பிடிக்கக் கூடாது, நான் உட்பட. ஜெபக்குறிப்பு குரூப்பில் வியாதியஸ்தருடைய பேர், ஆஸ்பத்திரி சீட்டு, பிள்ளைகளுடைய ஹால் டிக்கெட், மார்க் ஷீட் போடக் கூடாது. ‘ஒரு சகோதரிக்காக’ என்றால் போதும், கர்த்தருக்கு விலாசம் தெரியும். ஞானஸ்நானப் படங்களை, எடுக்கப்பட்டவரிடம் தனியாகக் கேட்டு, அவர் யோசிக்க நேரம் கொடுத்து, அவர் சரி என்றால் மாத்திரமே போடுவோம். எல்லார் முன்னாலும் “போடலாமாம்மா?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது. அது சம்மதம் அல்ல.

“இப்படியெல்லாம் செஞ்சா சுவிசேஷம் எப்படிப் பரவும் பாஸ்டர்?” என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த வீடியோவை 400 பேர் பார்த்தார்கள். அதிலே ஒருவராவது நம் கூட்டத்துக்கு வந்ததாக எனக்குத் தெரியாது. ஒரு குடும்பம் நம் வாசலுக்கு வெளியே நின்றதோ எனக்குத் தெரியும்.

அந்த மகளைப் பற்றிக் கேட்பீர்கள். கல்லூரிக்குப் போகிறாள். இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. பிறகு வந்தாள், பழையபடி கடைசிப் பாயில். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல பாஸ்டர்” என்றாள். பரவாயில்லை என்று அவள் முகம் சொல்லவில்லை. சாட்சி நேரத்தில் இன்னும் எழுந்து நிற்கவில்லை. நான் அவசரப்படுத்தமாட்டேன். அது அவளுடைய மதகு.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன்னே அவளிடம் கொடுத்து, “வேண்டாம்னா கிழிச்சுப் போட்டுடும்மா” என்றேன். ஒரு வாரம் வைத்திருந்தாள். இரண்டு வரியை மட்டும் அடித்துவிட்டு, மற்றதைப் போடலாம் என்று திருப்பிக் கொடுத்தாள். அந்த இரண்டு வரி இங்கே இல்லை.

ஜெபிப்போமாக. எங்கள் பரம பிதாவே, எங்களை முழுவதும் அறிந்தும் எங்களை மூடுகிற தேவனே, பிறருடைய காரியத்தைச் சுமக்க எங்களுக்குப் பலமும், அதைப் பரப்பாதிருக்க எங்கள் வாய்க்கும் கைக்கும் காவலும் தாரும். எங்கள் பிள்ளைகள் பயமில்லாமல் பேச ஒரு இடமாக எங்கள் வீடுகளையும் இந்தச் சபையையும் மாற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்,
செம்பரம்பாக்கம்.